காலியாக விடாத கட்டம்

“இதை எழுதினது யாரும்மா?”

உணவு வழங்கல் அதிகாரி தனபாலன் ஜெயபாரதியைப் பார்த்துத்தான் கேட்டார். அவர் கையில் அவளுடைய அம்மா கொடுத்த மனு இருந்தது. எழுத்து முத்து முத்தாக, வரி கோணாமல், ஓர் அடித்தல் இல்லாமல் இருந்தது. அவள் ஆட்டுக்கல் பக்கத்தில் மாவுக் கையோடு நின்றாள். பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்த வழியே திரும்பிப் போயிற்று.

பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். டீச்சர் கேட்டால் எழுந்து நிற்பாள், பதிலும் தெரியும், வாய்தான் திறக்காது. முதலில் திட்டினார்கள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது கிண்டிப் பட்டறையில் வேலை பார்த்த அப்பா வைரவன் ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அவளும் பையைச் சுவரில் மாட்டிவிட்டு மாவாட்ட உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பேச வந்ததெல்லாம் தாளில்தான்.

எழுபத்து நாலாம் வருஷம் அது. மழை ஏமாற்றிய வருஷம். தியாகராய நகரில், மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்துச் சந்து ஒன்றில் முன்னறை மட்டும் வாடகைக்கு எடுத்து அம்மா தங்கபுஷ்பம் இட்லி போட்டுக்கொண்டிருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். வந்து பதினாறு வருஷமாகியும் பேச்சில் ஊர் போகவில்லை. இட்லி போட ஆரம்பித்துப் பதினோரு வருஷம்.

விடிவதற்கு முன்னால் எழுந்து அடிபம்பில் வரிசைக்குக் குடம் வைக்க வேண்டும். மரத்தூள் அடுப்பில் நடுவே கட்டையை நிறுத்தி, தூளைத் திணித்துத் திணித்து இறுக்கி, கட்டையை உருவி, அந்தத் துவாரத்தில் நெருப்பு வைக்க வேண்டும். இறுக்கம் போதாவிட்டால் தூள் சரிந்து, இட்லி பாதி வேகும்போதே அவிந்துபோகும். ஆறு மணிக்கு முதல் ஈடு இட்லி இறங்கும். துணியைத் தண்ணீர் தெளித்து உரிக்கும்போது கிளம்பும் ஆவியில் சந்தே ஒரு நிமிஷம் காணாமல் போகும். ஜவுளிக்கடை விற்பனையாட்கள், அச்சாபீஸில் எழுத்துக் கோக்கிறவர்கள், ரயிலைப் பிடிக்கிறவர்கள் என்று எல்லாரும் மந்தார இலையை ஏந்தி நின்றபடியே சாப்பிடுவார்கள். ஒன்பதரைக்குப் பாத்திரம் கவிழ்ந்துவிடும். அதற்கப்புறம் ஊறப்போடுவது, ஆட்டுவது. ஜெயபாரதியின் வலது தோள் இடதைவிடச் சற்று இறங்கியிருந்தது.

ரேஷன் அரிசியில் இட்லி வராது. வந்தாலும் வீட்டுக்கு அளந்து போடுவது நாலு நாளைக்குக் காணாது. அம்மாவின் அரிசி செங்கல்பட்டிலிருந்து வந்தது. வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் ஜைதூன் பீ அதை வயிற்றில் கட்டிக்கொண்டு வருவாள்.

ஐம்பதைத் தாண்டியவள். காடாத் துணியில் நீளமாகப் பை தைத்து, அரிசியை நிரப்பி, இடுப்பைச் சுற்றிக் கட்டி, மேலே சேலையைச் சுற்றியிருப்பாள். வெளியூர் அரிசி பட்டணத்துக்குள் வரக் கூடாது என்று உத்தரவு. மாம்பலத்தில் போலீஸ் நிற்கும் என்பதால் சைதாப்பேட்டையிலேயே இறங்கி வெயிலில் நடந்து வருவாள். வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு முடிச்சை அவிழ்ப்பாள்.

“அம்பது வயசுக்கு மேல வாரம் ரெண்டு பிரசவம்” என்பாள். “டாக்டரு கேட்டா இன்னா சொல்றது புஷ்பம்? வூட்டுக் கெயவனுக்கு இருமக்கூட தெம்பில்லியே.”

அவளுடைய பித்தளைப் படி இந்த வீட்டிலேயே இருந்தது. ரயிலில் படியோடு பிடிபட்டால் வியாபாரம் என்று ஆகிவிடும் என்பதால் மாடத்தில் வைத்துவிட்டுப் போவாள். அளக்கும்போது அவள் கை நடுங்காது. கூம்பாகக் குவித்து, மேலே ஒரு கைப்பிடி போட்டு, அது சரியும் வரை பார்த்துவிட்டுத்தான் கொட்டுவாள். ஜெயபாரதியிடம் அவள் ஒருநாளும் ‘ஏன் பேச மாட்டேன்கிறே’ என்று கேட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கல் பொறுக்குவாள். இரண்டு பேரும் பேசாமலே ஒரு முறம் முடிந்துவிடும்.

ஒருநாள் கல் பொறுக்கிக்கொண்டே அவளாகச் சொன்னாள். “அங்க நெல்லு வெச்சுக்கினு வாங்க ஆளில்லாம நிக்கிறான். இங்க துன்றவனுக்கு அரிசி இல்ல. நடுவுல முப்பது மைலு. அந்த முப்பது மைலத்தான் நான் சொமந்துக்கினு வரேன். விக்கிறவன் அழுவல, வாங்கறவ அழுவல. இதுக்குப் பேரு கடத்தலாம்.” கோபமாகச் சொல்லவில்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

இதையே நீட்டிச் சொல்ல இன்னொருவர் உண்டு. கோட்டையில் முப்பத்து நாலு வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற பத்ரிநாராயணன். கோபாலபுரத்திலிருந்து காலை நடை என்று சொல்லிவிட்டு வந்து, அடுப்புப் பக்கம் மறைவாக நின்று நாலு இட்லி தின்பார். கையலம்பி, வாயைத் துடைத்து, துண்டை மோந்தும் பார்த்துக்கொள்வார். ஏன் சாமி இந்தப் பாடு என்று அம்மா ஒருமுறை கேட்டாள்.

“எங்காத்துலயும் ஒரு சர்க்கார் இருக்கே. விசாலாக்ஷிகிட்ட பெர்மிட் வாங்காமன்னா இங்க நின்னுண்டிருக்கேன்” என்றார்.

சந்தில் எல்லாரும் சிரித்தார்கள். அவருக்கு அது உற்சாகம் தரும். சர்க்கார் வாசலில் காவல் நிற்கட்டும், திருடன் வந்தால் பிடிக்கட்டும், அடுப்படிக்குள் நுழைந்து அரிசி எத்தனை உளுந்து எத்தனை என்று கேட்கக் கூடாது என்பார். விலையைக் கட்டிப்போட்டால் சரக்கு ஒளிந்துகொள்ளும், சரக்கு ஒளிந்தால் அதைத் தேட ஆள் போட வேண்டும், அந்த ஆளைக் கண்காணிக்க இன்னோர் ஆள் என்று விரல் விட்டு அடுக்குவார். யார் யாருக்கு எவ்வளவு அரிசி வேண்டும் என்று கோட்டையில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர்களில் தானும் ஒருவன், அந்தக் கணக்கு ஒரு வருஷம்கூடச் சரியாக வந்ததில்லை என்பார். இந்தச் சந்தில் இன்றைக்கு எத்தனை இட்லி போகும் என்று புஷ்பத்துக்குத் தெரியும், அவளை யாரும் அதற்கு நியமிக்கவில்லை என்பார். அம்மா கேட்டுக்கொண்டே துணியை உரிப்பாள். சாப்பிடுகிறவர்கள் தலையாட்டிவிட்டு ரயிலுக்கு ஓடுவார்கள்.

சித்திரை மாதம் அடுத்த சந்தில் ஆப்பக்கடை வைத்திருந்த அய்யாதுரையின் பாத்திரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சிறு கடைகளும் அரிசி வைத்திருக்க லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று சொன்னார்கள். அம்மா அரிசியைத் தலையணை உறையில் கொட்டித் தைத்தாள். அதன்மேல் தலை வைத்துப் படுத்தாள். பத்து நாள் அப்படிப் போயிற்று. கதவு தட்டுகிற சத்தத்துக்கெல்லாம் எழுந்து உட்கார்ந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது.

“நான் யார் வீட்லயும் களவாங்கல” என்றாள் பதினோராம் நாள். “கை நோவ ஒழச்சு, காசு குடுத்து வாங்குத அரிசி. அதத் தலகாணிக்குள்ள ஒளிச்சு வச்சுக்கிட்டுப் படுத்துக் கெடக்கேன், களவாணி மாரி. போதும்ட்டி பாரதி. போய்க் கேட்டு வாங்கிப்புடுவோம் அந்த லைசென்ஸ.”

பத்ரிநாராயணன் வேண்டாம் என்றார். முதல்முறையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“மனு போடறதுன்னா என்ன தெரியுமோ? நான் இன்ன இடத்துல இருக்கேன்னு நாமளே போய்ச் சொல்லிக்கறது. இதுவரைக்கும் நீ அவா கண்ணுலயே படலையே.”

“கண்ணுல படாம இருக்கதுக்கு நான் என்ன பேயா சாமி?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மூன்று நாள் வரிசையில் நின்று அம்மா படிவத்தை வாங்கி வந்தபோது அவரே அதைப் புரட்டிப் பார்த்தார். முப்பத்து நாலு வருஷப் பழக்கம் விடவில்லை. “எந்தக் கட்டத்தையும் காலியா விட்டுடாதே குழந்தே. காலியா இருந்தா அதைச் சாக்கு வச்சுத் திருப்பி அனுப்பிடுவா” என்று ஜெயபாரதியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். அப்பாவின் பழைய பேனாவில் மை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். பெயர், முகவரி, குடும்ப அட்டை எண். ஏழாவது கட்டத்தில் எவ்வளவு காலமாகத் தொழில் செய்கிறீர்கள் என்று இருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து “பதினோரு வருசம்னு போடு” என்றாள். அதில் பெருமை இருந்தது. ஒன்பதாவது கட்டம், அரிசி பெறும் விவரம். அதைக் கேட்க நிமிர்ந்தபோது அம்மா உளுந்து களைந்துகொண்டிருந்தாள். “நீயே பாத்து எழுதுட்டி” என்றாள்.

அடியில், மேலே கண்டவை யாவும் உண்மை என்று அச்சடித்திருந்தது. அதன் பக்கத்தில் அம்மாவின் கட்டைவிரல் ரேகைக்கு ஒரு சதுரம். ஜெயபாரதி அந்தச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரேஷன் கடை என்று எழுதினால் பொய். பொய்க்குக் கீழே அம்மாவின் விரல் விழும். ஒன்றும் எழுதாவிட்டால் காலி. கடத்தல் என்ற சொல் போலீஸ்காரர்கள் வாயில் வருவது. அவள் பார்த்த ஜைதூன் பீ கூம்பு சரியும் வரை அளக்கிறவள். அதற்கு ஒரு நல்ல சொல் தாளில் ஏறட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. நிதானமாக எழுதினாள்:

‘அரிசி வியாபாரி திருமதி ஜைதூன் பீ அவர்கள். செங்கல்பட்டிலிருந்து செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் கொண்டுவருகிறார்கள். அளவில் ஒருபோதும் குறைந்ததில்லை.’

மை காய்ந்ததும் படித்துப் பார்த்தாள். மனசுக்கு நிறைவாக இருந்தது. எழுதியதில் அவளுக்கு மிகவும் பிடித்த இடம் ‘அவர்கள்’.

மனுவைக் கொடுத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு புதன்கிழமை தனபாலன் வந்தார். கூடப் பியூன் கபாலியும் ஒரு கான்ஸ்டபிளும். கத்துகிறவர் இல்லை அவர். சட்டைக் காலர் நைந்திருந்தது, வெயிலில் வந்த களைப்பு முகத்தில் இருந்தது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு மனுவைப் பிரித்து, யார் எழுதியது என்று கேட்டார். பதில் வராததால் ஒன்பதாவது கட்டத்தை உரக்கப் படித்தார். கடைசி வரியில் கபாலி சிரித்துவிட்டான்.

அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவள். அப்போதுதான் அவளுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்தது. ஒருமுறை மகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, “நாந்தான் சொன்னேன். வெளியாள வச்சு எழுதுனது” என்றாள்.

“லைசென்ஸ் இல்லாம பதினோரு வருஷம் நடத்திருக்கேன்னு நீங்களே கைரேகை வச்சிருக்கீங்கம்மா” என்றார் தனபாலன். “நான் என்ன செய்ய?”

“லைசென்ஸ் வேணும்னுதான எழுதிக் குடுத்தேன்.”

“அது தனி ஃபைல். இது தனி.”

“என் அரிசிய எடுத்துட்டுப் போயி யாருக்குக் குடுப்பிய?”

“அரிசி எல்லாருக்கும் சமமாப் போய்ச் சேரணும்னுதாம்மா இந்தச் சட்டம்.”

“சேந்துச்சா?”

அவர் தாளில் ஏதோ எழுதிக்கொண்டே இருந்தார். நிமிரவில்லை.

தலையணை உறையைப் பிரித்து அரிசியைச் சாக்கில் கொட்டினார்கள். மாடத்திலிருந்த பித்தளைப் படி அவர்கள் கண்ணில் படவில்லை. ஆட்டி வைத்திருந்த மாவுதான் சிக்கலாயிற்று. மாவு அரிசியில் சேருமா சேராதா என்று கபாலிக்கும் கான்ஸ்டபிளுக்கும் வாக்குவாதம். உளுந்தைக் கழித்துவிட்டு எப்படி எடை போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. மேலதிகாரியைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி, தவலையை மூடி, காகிதப் பட்டை ஒட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள். தொடக் கூடாது என்றார்கள்.

மறுநாள் காலை தனபாலன் வந்தபோது மாவு பொங்கி மூடியைத் தூக்கியிருந்தது. பட்டை கிழிந்து, அரக்கு இரண்டாக வெடித்து, மாவு விளிம்பில் வழிந்து தரையில் பாதி காய்ந்துபோயிருந்தது. புளித்த வாசனை சந்து முனை வரைக்கும் அடித்தது.

“சீல உடைச்சது யாரு?” என்றான் கபாலி.

“மாவு” என்றாள் அம்மா. “வெயில் காலத்துல பொங்கத்தான்யா செய்யும். அதுக்கு யார்ட்ட உத்தரவு கேக்கச் சொல்லுத?”

தனபாலன் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு வந்ததா என்னவென்று தெரியவில்லை. தாளை எடுத்து ‘முத்திரை சேதமுற்றது’ என்று எழுதினார். அதற்கும் அம்மாவின் கட்டைவிரலைக் கேட்டார்.

அவர்கள் போனதும் அம்மா மாவை வழித்துச் சாக்கடையில் கொட்டினாள். மகளை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “நாளைக்கு வெள்ளி” என்று மட்டும் சொன்னாள்.

ஜைதூன் பீயின் வீடு எங்கே என்று இருவருக்கும் தெரியாது. செங்கல்பட்டில் எங்கேயோ. அவள் இறங்குவது சைதாப்பேட்டையில் என்பதால் அம்மா விடிந்ததும் அங்கே போய் நின்றாள். ஒருவேளை மாறி வந்தால் என்று ஜெயபாரதியை மாம்பலத்தில் நிற்கச் சொன்னாள். பார்த்தால் ஒரு குரல் கொடு, மறுபக்கமா இறங்கிப் போயிடச் சொல்லு, அவ்வளவுதான் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள்.

பத்து மணி ரயிலில் கூட்டம் தாங்கவில்லை. சைதாப்பேட்டையில் ஜைதூன் பீயால் வாசல் வரைக்கும் நகர முடியவில்லை போலிருக்கிறது. மாம்பலத்தில்தான் இறங்கினாள். வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வலியோடு, ஒவ்வொரு படியாகக் கால் வைத்து இறங்கினாள். ஜெயபாரதிக்கும் அவளுக்கும் நடுவே இரண்டு பெட்டித் தூரம். அந்தப் பக்கம் கடிகாரத்தின் கீழ் ஒரு பெண் போலீசும் கபாலியும். அவர்கள் இன்னும் பார்க்கவில்லை. ஜைதூன் பீ முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட நேரம் இருந்தது. ஒரு தடவை கூப்பிட்டால் போதும்.

ஜெயபாரதி வாயைத் திறந்தாள். காற்று வந்தது. தொண்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடியும் திறந்தாள். கூட்டம் இடித்துக்கொண்டு போயிற்று. அவள் ஓட ஆரம்பித்தபோது பெண் போலீஸ் ஜைதூன் பீயின் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

அப்புறம் நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. அடுப்பு அணைந்தது. அம்மா அபராதம் கட்டினாள். லைசென்ஸ் மனு பரிசீலனையில் இருப்பதாக ஒரு அட்டை வந்தது, பிறகு இன்னொரு அட்டை வந்தது. அம்மா ஒரு ஜவுளிக்கடையில் வேலையாட்களுக்குச் சமைக்கப் போனாள். அந்த முதலாளிக்கு அரிசிக்கு லைசென்ஸ் இருந்தது. எப்படிக் கிடைத்தது என்று அவள் கேட்கவில்லை. பத்ரிநாராயணன் இரண்டு முறை வந்து ஆறிய அடுப்பைப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டாம் முறை, “காலியா விடாதேன்னு சொன்னவன் நான்தானே” என்று ஜெயபாரதியிடம் சொன்னார். சர்க்காரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அவரும் களைத்துத் தெரிந்தார்.

ஐப்பசி பாதிக்கு மேல், மழை வருவதுபோல் மூடிக்கொண்டு வராமலே இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜைதூன் பீ வந்தாள். வயிற்றில் ஒன்றும் கட்டியிருக்கவில்லை. அவள் இத்தனை ஒல்லி என்று ஜெயபாரதிக்கு அதுவரை தெரியாது. அம்மா பாயைப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். ஜெயிலில் இரண்டு மாசம் என்றாள் ஜைதூன் பீ. தான் உள்ளே இருந்தபோதே, ஆனியில், கிழவன் இறந்துவிட்டான், முகம் பார்க்கவில்லை என்றாள். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஜைதூன் பீ தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டுக் கேட்டாள்.

“ஒண்ணு கேக்கணும்னு கீது புஷ்பம். போலீஸ் டேசன்ல ஒரு ஆளு காயிதத்த வெச்சுக்கினு என் பேர படிச்சான். செவ்வா, வெள்ளின்னான். அளவுல கொறஞ்சதில்லன்னுகூட படிச்சான். எல்லாம் சிரிச்சானுங்க. எனுக்கு ஒண்ணும் புரியல. இன்னாடா இது, புடிச்சுக் குடுக்கறவன் எவனாச்சும் நம்மளப் பத்தி நல்லதா எழுதுவானா? அத்த எழுதினது யாரு?”

“நாந்தான்க்கா ஆள வச்சு...” என்று அம்மா ஆரம்பித்தாள்.

“நான்தான் பீபிம்மா” என்றாள் ஜெயபாரதி.

குரல் கரகரவென்று, பெரிதாக வந்தது. அம்மா திரும்பிப் பார்த்தாள். மாம்பலம் நிலையத்தில் இரண்டு பெட்டித் தூரத்துக்கு அது கேட்டிருக்கும்.

“லைசென்ஸ் ஃபாரம்ல கேட்டிருந்துச்சு. உண்மைய எழுதணும்னு எழுதினேன். அன்னிக்கு மாம்பலம் ஸ்டேஷன்லயும் உங்களப் பார்த்தேன். கூப்பிட வாய் வரல.”

ஜைதூன் பீ அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த அவளுடைய வலது கையைப் பார்த்தாள். நடுவிரலில் மைக்கறை இருந்தது. பிறகு தம்ளரில் மீதியிருந்த தண்ணீரைக் குடித்து, தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். முழங்காலில் கையூன்றி எழுந்தாள். தாங்கிப் பிடிக்க ஜெயபாரதி நீட்டிய கையை அவள் பிடித்துக்கொள்ளவில்லை.

மாடத்துக்குப் போய்ப் பித்தளைப் படியை எடுத்தாள். உள்ளே ஒட்டியிருந்த ஒட்டடையை முந்தானையால் துடைத்தாள். அதை முக்காட்டுக்குள் மறைக்காமல், வெளியே தெரியும்படி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சந்தில் இறங்கி ரயில் நிலையத்துப் பக்கம் நடந்துபோனாள்.